ஏழு எட்டாகும்போது என்ன நடக்கிறது?

அன்புள்ள கயல்விழி,

கவுண்டர் பாடத்தில் வகைகளின் பெயர்கள் மட்டுமே மனதில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். பெயர்களைச் சற்று ஒதுக்கி வை. ஒரே ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பை மட்டும் பார். துடிப்பு வரும்போதெல்லாம் அது 0இலிருந்து 1க்கும், 1இலிருந்து 0க்கும் மாறுகிறது. ஆகவே இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒன்றுதான் வெளியே வரும். பெரும்பாலான வகைகளுக்கு அடிப்படை இதுதான்.

1932இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இயற்பியலாளர் வின்-வில்லியம்ஸ் இதே உத்தியைத்தான் கையாண்டார். ஆல்ஃபா துகள்கள் வந்த வேகத்துக்கு இயந்திர எண்ணி ஈடுகொடுக்கவில்லை. தைரட்ரான் வால்வுகளால் துடிப்புகளைப் படிப்படியாகப் பாதியாக்கி, எண்ணிக்கு எட்டும் வேகத்துக்கு அவர் கொண்டுவந்தார்.

இப்போது நான்கு ஃபிளிப்-ஃபிளாப்பை வரிசையாகக் கோத்துப் பார். கிளாக் துடிப்பு முதலாவதுக்கு மட்டும் போகிறது. ஒன்றின் வெளியீடு அடுத்ததைத் தூண்டுகிறது. இது ரிப்பிள் கவுண்டர். இதில் 7 எப்படி 8 ஆகிறது என்று தாளில் எழுது: 0111, 0110, 0100, 0000, 1000. நடுவே 6, 4, 0 ஆகியவை தலைகாட்டுகின்றன! ஒரு நிலைக்கு 20 நானோ நொடி தாமதம் என்றால், சரியான விடைக்கு 80 நானோ நொடி ஆகும். அதற்குள் வேறொரு சுற்று அந்த எண்ணைப் படித்தால் தவறாகத்தான் படிக்கும்.

இதற்குத் தீர்வு சிங்க்ரனஸ் கவுண்டர். நான்குக்கும் ஒரே கிளாக். தனக்குக் கீழுள்ள பிட்டுகள் எல்லாம் 1 ஆக இருந்தால் மட்டுமே ஒரு பிட் மாற வேண்டும் என்று கேட்டுகள் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கின்றன. அதனால் நான்கும் ஏறக்குறைய ஒரே கணத்தில் மாறுகின்றன. 74161 ஐசி இந்த வகை.

அதற்காக ரிப்பிளைக் குறைவாக எண்ணிவிடாதே. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. கடைசித் துடிப்பு மட்டுமே தேவை. இடையிலுள்ள எண்களை யாரும் படிப்பதில்லை. அங்கே ரிப்பிளே போதும், மின்சாரமும் மிச்சம்.

மற்ற வகைகள் எளியவை. 0 முதல் 9 வரை எண்ணித் திரும்புவது டிகேட் கவுண்டர்; 7490 அப்படிப்பட்டது. ரிங் கவுண்டரில் கடைசி வெளியீடு அப்படியே முதலாவதுக்குத் திரும்புகிறது; ஐந்து ஃபிளிப்-ஃபிளாப்புக்கு ஐந்து நிலைகள்தான். கடைசி வெளியீட்டைத் தலைகீழாக்கி முதலாவதுக்கு ஊட்டினால் ஜான்சன் கவுண்டர். அதே ஐந்துக்குப் பத்து நிலைகள். 4017 ஐசிக்குள் இருப்பது இதுவே.

ரிப்பிள் கவுண்டர் ஐசியான 7493 ஒன்றை வாங்கி பிரெட்போர்டில் பொருத்திப் பார். 5ஆம் காலுக்கு 5 வோல்ட். 10, 2, 3 ஆகியவை கிரவுண்டுக்கு. 12ஆம் காலை 1ஆம் காலோடு இணைக்க மறந்துவிடாதே. இல்லையென்றால் முதல் பிட்டுக்கும் மற்ற மூன்றுக்கும் தொடர்பே இருக்காது. கிளாக் 14ஆம் காலுக்கு.

இனி எந்தச் சுற்றுக்குக் கவுண்டர் தேர்ந்தாலும், இடையில் வரும் எண்ணை யாராவது படிக்கிறார்களா என்று முதலில் கேள். அந்தப் பதிலே உனக்கு வேண்டிய வகையைச் சொல்லிவிடும்.

அன்புடன்,
மாமா