தென்முனையில் ஐவேளைத் தொழுகை



தொழுகைக்கு மேற்கே திரும்பி நிற்கணும் என்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வடகிழக்கே திரும்பித் தொழுகிறார்கள் என்று படித்ததும், 'அட, இது என்ன கணக்கு!' என்று சர்வேயிங் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்து மக்கா, வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 23 பாகையில் வருகிறது. திசை ஊருக்கு ஊர் மாறும், கிப்லா ஒன்றுதான்.

நேரக் கணக்கும் அப்படியே. கேப் டவுன் தென் அட்சரேகை 34 பாகையில் இருக்கிறது. அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். 1 மீட்டர் குச்சியை நட்டால், ஜூன் 21 நடுப்பகலில் நிழல் சுமார் 156 செ.மீ.; டிசம்பர் 21இல் 19 செ.மீ.தான். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர், நம்ம கடற்கரை ஊர்க்காரர்களைப் போலவே ஷாஃபி மத்ஹபினர். நடுப்பகல் நிழலோடு குச்சியின் நீளத்தைக் கூட்டுங்கள்: 256, 119. நிழல் அந்த அளவைத் தொட்டதும் அஸர் நேரம் தொடங்கும்.

இந்தக் கணக்கைக் காத்து வந்தவர்கள் யார் தெரியுமா? டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த அடிமைகளும் அரசியல் கைதிகளும்! அவர்கள் வெளிப்படையாகக் கூடித் தொழத் தடை இருந்தது. திதோர் தீவிலிருந்து நாடுகடத்தப்பட்டு 1780இல் வந்த இமாம் அப்துல்லா என்ற 'துவான் குரு', ராபன் தீவுச் சிறையில் குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார். டோர்ப் தெரு அவ்வல் பள்ளிவாசலின் முதல் இமாமும் அவரே. அந்த இடத்தை 1794இல் வாங்கியவர், இலங்கையிலிருந்து வந்து அடிமைத்தளை நீங்கிய கொரிடோன். வழிபாட்டுச் சுதந்திரம் 1804இல்தான் கிடைத்தது.

சோதனை அதோடு தீரவில்லை. 1966இல் நிறவெறி அரசு 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை வெள்ளையருக்கென்று அறிவித்து, மக்களை வெளியேற்றி வீடுகளை இடித்தது. பள்ளிவாசல்கள் தப்பின. தூரத்து மணல்வெளிக்கு விரட்டப்பட்டவர்கள், இடிந்த தெருக்களைத் தாண்டி வந்து அங்கேயே தொழுதார்கள்.

தென்னாப்பிரிக்க மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத சமுதாயம் அது. 'ரெக்கார்டு முடிக்கணும், டைம் இல்லை' என்று லுஹரைத் தள்ளிப்போடுகிற எனக்கு, இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

நண்பர்களே, நாளை நம்ம மைதானத்தில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நிழல் யாருக்காகவும் காத்திருக்காது!