ஒளியிழையும் மின் சிக்கனமும்

வடசென்னையிலுள்ள சாத்தாங்காடு இரும்பு வாணிகத்திற்குப் பெயர்பெற்ற இடமாகும். அதனை அடுத்த மணலியிலும் எண்ணூரிலும் பேராலைகள் பல இயங்குகின்றன.

ஆலையில் பொறிதோறும் மின்னளவி பொருத்தி, அளவுகளை ஓரிடத்தில் தொகுத்து நோக்கினால், வீணே சுழலும் பொறி எதுவென விளங்கும். ஆயின், செம்புக் கம்பி வழியே செல்லும் குறிகளைப் பெரிய மோட்டார்கள் எழுப்பும் மின்காந்த அலைகள் குலைத்தல் கூடும். பிழையான அளவு பிழையான முடிவையே தரும். கண்ணாடி இழையோ ஒளியை ஏந்திச் செல்வது. அதனை அவ்வலைகள் தீண்டா. வளைந்த இழையினுள்ளும் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் வெளியேறாது செல்லும்.

இழைக்கற்றை வழியே உருவங்களைச் செலுத்தும் முறையை 1954-இல் ஹாப்கின்ஸ் என்பாருடன் இணைந்து விளக்கியவர், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி ஆவார்.

அளவறிந்து செலவிடும் ஆலையில் மின்கட்டணம் குறையும். அனல் மின்நிலையத்தில் நிலக்கரியும் மிஞ்சும். சேமித்த மின்னாற்றலும் ஈட்டிய செல்வமே அன்றோ!