குசினிக்குப் புதியவர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டோரண்டின் குசினியில் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறேன். சமையல் பழகத்தான் போனேன். ஆனால் வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, மீன் வெட்டுவது, சட்டி கழுவுவது, இவ்வளவுதான் எனக்குத் தருகிறார்கள். அடுப்புக்குக் கிட்டப் போனால் பெரிய குக் ஏசுகிறார். இரவு வீட்டுக்கு வரும்போது கால் விறைத்துப் போயிருக்கும். இங்கே நான் என்ன பழகுகிறேன் என்றே விளங்கவில்லை. விட்டுவிடலாமா ஐயா?
— வாசகர், உப்புவெளி

பதில்: விடவேண்டாம் தம்பி. இந்த உல்லாசப் பயணிகள் பருவம் முடியும்வரையாவது நில்லுங்கள். ஒன்றும் பழகவில்லை என்று நீங்கள் நினைக்கிற அந்த வேலைக்குள்தான் இந்தத் தொழிலின் முக்கால்வாசி இருக்கிறது.

இரவு ஏழரைக்கு நாலைந்து மேசை ஆடர் ஒன்றாக வருகிறது என்று வையுங்கள். டெவல் கணவாய் தாச்சியில் நிற்பது சில நிமிடங்கள்தான். கூட நின்றால் கணவாய் றப்பராகிவிடும். அந்த நேரத்துக்குள் வெங்காயம் தேட முடியாது, கறிமிளகாய் வெட்ட முடியாது. கை நீட்டிய இடத்தில் எல்லாம் இருக்கவேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருக்கவேண்டும். பெரிய துண்டும் சின்னத் துண்டும் கலந்து கிடந்தால் சின்னது கருகும்போது பெரியது பச்சையாக நிற்கும். அடுப்படியில் நிற்பவர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. அந்தத் தட்டு நன்றாக வருமா வராதா என்பது மத்தியானமே உங்கள் வெட்டுப் பலகையில் முடிவாகிவிடுகிறது.

ஆகவே வெட்டுகிற ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்து வெட்டுங்கள். கொத்துக்குப் போகிற கோவாவும் கரட்டும் லீக்ஸும் ஏன் மெல்லிசாக இருக்கவேண்டும், டெவலுக்கு வெங்காயம் ஏன் சதுரமாக, பெரிதாக விழவேண்டும், சொதிக்கு ஏன் வேறு வெட்டு? இதையெல்லாம் கேளுங்கள். ஆடர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும். குசினி கழுவி முடித்து, பெரிய குக் தேத்தண்ணியோடு உட்காரும்போது கேட்டுப் பாருங்கள். தொழில் தெரிந்தவருக்குத் தொழிலைப் பற்றிக் கேட்பவரைப் பிடிக்கும். சொன்னதை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

கத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகைக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் பலகை வழுக்காது. சவர்க்கார நுரைக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. அடுத்து அதற்குள் கை விடுகிறவரின் விரல் போகும். ஆளுக்குப் பின்னால் போகும்போது குரல் கொடுங்கள், சூட்டுச் சட்டி தூக்கினால் இன்னும் உரத்துக் கொடுங்கள். சுட்டுக்கொண்டால் பற்பசையோ எண்ணெயோ பூசாமல், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள்.

இனி மீன். துறைமுக ஊரில் தொழில் பழகுகிற உங்களுக்கு வாய்த்திருக்கிற பெரிய பாடசாலை இதுதான். உள்நாட்டு ஊர் ஒன்றின் ஹோட்டலில் சேர்கிற பொடியனின் கைக்கு மீன் பெரும்பாலும் துண்டாகத்தான் வரும். உங்கள் கைக்கு அறக்குளாவும் பாரையும் விளைமீனும் தலையோடும் குடலோடும் வருகின்றன. கண் பளிச்சென்று இருக்கிறதா, பூ சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமர்த்தினால் தசை திரும்பி எழும்புகிறதா என்று ஒவ்வொரு மீனிலும் பாருங்கள். எது பொரியலுக்கு, எது குழம்புக்கு, எந்தத் தலை சொதிக்கு என்று வெட்டும்போதே பிரித்துப் பழகுங்கள். இப்படி ஒரு பருவம் மீன் வெட்டியவரை எந்தக் கடற்கரை ஹோட்டலிலும் மதிப்பார்கள்.

மீனில் ஒரு விடயம் உயிர்ப் பிரச்சினை. சூரை, கும்பிளா, சூடை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. பார்வைக்கும் மணத்துக்கும் மீன் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தின்றவருக்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும், வாந்தியும் வரலாம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. அதாவது, பின்வாசலில் இறக்கிய சூரைப் பெட்டி வெயிலில் கிடந்ததென்றால், அதற்குப் பிறகு எந்தச் செஃப்பாலும் அந்த மீனைக் காப்பாற்ற முடியாது. பெட்டியை உள்ளே எடுப்பது யாருடைய வேலை? உங்களுடைய வேலை. அந்த ரெஸ்டோரண்டின் பேர் நிற்பதும் கெடுவதும் புதிதாகச் சேர்ந்த உங்கள் கையில் இருக்கிறது என்று நான் சொல்வது மெய்யாகவே. மீன் வந்தவுடன் பூவையும் குடலையும் எடுத்து, மீனின் எடைக்குச் சமமான ஐஸ் போட்டு மூடுங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் வடிய வழி இருக்கட்டும். ஐஸ் இல்லையென்றால் வாய்திறந்து கேளுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஏச்சுக்குப் பயப்பட வேண்டாம்.

சோறும் அப்படித்தான். நேற்றைய சோறுதான் பிரைட் ரைஸுக்கு உதிரியாக வரும் என்பது எல்லாக் குசினிக்கும் தெரியும். ஆனால் அந்தச் சோறு இரவு முழுக்க அண்டாவிலேயே கிடந்திருந்தால், பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் நஞ்சை உண்டாக்கியிருக்கலாம். மறுபடி சூடாக்கினாலும் அது அழியாது. மிஞ்சிய சோற்றை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் தாமதிக்காமல் பிரிட்ஜில் வைப்பதுதான் முறை. உணவைப் பொறுத்தவரை 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு ஆபத்தானது. திருகோணமலை வெயிலில் எந்தக் குசினியும் நாள் முழுக்க அதற்குள்தான் நிற்கிறது. பி.எச்.ஐ. வரும்போது மட்டும் இதைப் பார்க்கிற இடத்தில் நீங்கள் வேலை செய்ய நேர்ந்தாலும், உங்கள் கையில் இருக்கிற சட்டியை நீங்கள் ஒழுங்காகப் பாருங்கள்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. ஒரு மேசையில் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த சைவக் குடும்பம் இருக்கும், பக்கத்து மேசையில் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம் இருக்கும், அதற்கடுத்து கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவருக்கு மீன் கிளறிய அகப்பையால் பருப்பு அள்ளிக் கொடுப்பது, ஹலால் இறைச்சி வெட்டும் பலகையில் பன்றி இறைச்சியை வைப்பது, இரண்டும் நம்பிக்கைத் துரோகம். வாடிக்கையாளர் குசினிக்குள் வந்து பார்ப்பதில்லை. எந்தச் சட்டி, எந்தக் கத்தி, எந்தப் பலகை எதற்கென்று முதல் கிழமையிலேயே கேட்டு மனப்பாடம் செய்யுங்கள். கூட வேலை செய்பவர்களின் மொழியையும் பழகுங்கள். சிங்களமும் தமிழும் கலந்து ஓடுகிற குசினிகள் இங்கே நிறைய.

சரி, ஏச்சு. சேர்விஸ் நேரத்தில் குரல் உயரும். நெருப்பும் கத்தியும் இருக்கிற இடத்தில் சில வேளை உயரவும் வேண்டும். ஆனால் தாயைச் சொல்லி ஏசுவதும் கை நீட்டுவதும் தொழில் பழக்குகிற முறையே அல்ல. 1890-இல் லண்டன் சவோய் ஹோட்டலின் குசினியைப் பொறுப்பேற்ற பிரெஞ்சுச் செஃப் ஒகுஸ்ட் எஸ்கோஃபியே, இன்றைக்கு உலகம் முழுக்க ஹோட்டல்கள் பின்பற்றுகிற பகுதி பகுதியான குசினி அமைப்பை ஒழுங்குபடுத்தியவர். அவர் தன் குசினியில் கெட்ட வார்த்தையையும் குடியையும் தடுத்தார். வெக்கையில் நிற்பவர்கள் குடிக்க பார்லித் தண்ணீர் வைத்தார். அந்தக் குசினியில் ஒழுங்கு குறையவில்லை. ஆகையால் ‘இப்படித்தான் பழக்குவார்கள்’ என்று யாராவது அடியை நியாயப்படுத்தினால் நம்பாதீர்கள். ஏசினாலும் வேலை சொல்லித் தருகிறவரிடம் நில்லுங்கள். அடிக்கிறவரிடம் ஒரு நாளும் நிற்கவேண்டாம்.

அடுப்புக்கு எப்போது விடுவார்கள் என்று காத்திருக்காமல் ஒரு படி நீங்களே ஏறலாம். பராட்டா போடுபவரிடம் மாக் குழைத்துக் கொடுக்கிறேன் என்று கேளுங்கள். சீனக்குடாவில் 1980 முதல் ஓடுகிற பிரிமா ஆலையின் மா உங்கள் குசினிக்கும் வரும். அதே மாவுக்கு மழைநாளில் எவ்வளவு தண்ணீர், வெயில் நாளில் எவ்வளவு, எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்பதைக் கைதான் படிக்கும். அங்கிருந்து சொதி, அதற்குப் பிறகு தாச்சி. இரண்டாம் பாலில் காய் வெந்து, கடைசியில் முதற்பால் விட்டு, திரையாமல் இறக்கத் தெரிந்துவிட்டால் சொதி உங்கள் பொறுப்புக்கு வந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்குச் சமையலில் நல்ல விருப்பம். ஹோட்டல் குசினியில் சேரப் போகிறேன் என்கிறாள். ஊரில் என்ன கதைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவருமா?
— ஒரு தாய், மூதூர்

பதில்: சரிவரும் அக்கா. வீட்டில் பெண்களின் கைச் சமையலைச் சாப்பிட்டு வளர்ந்த சமூகம், அதே சமையலுக்குச் சம்பளம் வரும்போது மட்டும் அது ஆம்பிளை வேலை என்று சொல்வது நியாயமில்லை. வடக்கில் ‘அம்மாச்சி’ உணவகங்களை நடத்துவது பெண்கள். அங்கே வரிசையில் நின்று சாப்பிடாத ஆட்கள் குறைவு.

பயப்படவேண்டிய விடயம் வேறு. சேர்வதற்கு முன் நீங்களே மகளோடு போய்ப் பாருங்கள். உடை மாற்ற, பூட்டுப் போட்ட அறை இருக்கிறதா? பெண்களுக்குத் தனி மலசலகூடம் உண்டா? குசினியில் இன்னொரு பெண்ணாவது வேலை செய்கிறாரா? இரவு வேலை முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது யார்? கடைசிக் கேள்விக்கு முகாமையாளர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் வேண்டாம். வேறு இடம் தேடுங்கள், பிள்ளையின் விருப்பத்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: முதலில் கோர்ஸ் படிப்பதா, வேலையில் சேர்வதா? மாலைதீவு அல்லது ஐரோப்பா போவதுதான் என் எண்ணம். இப்போது வேலை செய்யும் இடத்தில் பருவம் முடிந்தால் நிற்பாட்டிவிடுவார்கள். ‘பழகுகிற ஆளுக்கு ஈ.பி.எஃப். இல்லை’ என்றும் சொல்கிறார்கள்.
— வாசகர், நிலாவெளி

பதில்: நமது கரையின் பருவமே உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளிப் பக்கம் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கடலும் கடுமையாகும், ஹோட்டல்களும் காலியாகும். அப்போது தெற்கில், காலி, மிரிஸ்ஸப் பக்கம் பருவம் தொடங்கும். பருவத்தில் இங்கே வேலை. மழைக்காலத்தில் ஒன்றில் கோர்ஸ், அல்லது தெற்கில் இன்னொரு குசினி. இரண்டு கரையிலும் வேலை செய்தவருக்குக் கை பல விதமாகத் திரும்பும்.

படிப்பதற்கு, 1964-இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய அரசாங்க சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. கிழக்கில் பாசிக்குடாவில் அதற்குக் கிளை உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரியுங்கள். எங்கே படித்தாலும் என்.வி.கியூ. தரச் சான்றிதழ் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கோர்ஸ் படிக்காமல் குசினியிலேயே பழகியவர்களும், செய்துகாட்டி மதிப்பீட்டில் சித்தியடைந்து அதே சான்றிதழை எடுக்க வழி உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. வெளிநாட்டு ஹோட்டலுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் பேசும்.

ஐரோப்பாவைப் பற்றி அவசரப்படாதீர்கள். 2023-இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத் பாண் போட்டியில் வென்று, ஒரு வருடம் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமையைப் பெற்ற தர்ஷன் செல்வராஜா நம் நாட்டுத் தமிழர்தான். அவர் பிரான்சுக்குப் போனது 2006-இல். நடுவில் பதினேழு வருடங்கள். கல்கிசை மவுண்ட் லவினியா ஹோட்டலின் பேர்பெற்ற செஃப் பப்ளிஸ் சில்வாவும் 1956-இல் அதே குசினியில் அடிமட்ட உதவியாளாகத்தான் சேர்ந்தார்.

ஈ.பி.எஃப். பற்றி அவர்கள் சொன்னது பிழை. 1958-ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், பழகுநர் என்ற பேதம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளியே கட்டவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. பில்லில் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் எடுக்கிற இடமென்றால், அதில் குசினிக்கு என்ன பங்கு என்பதையும் சேரும்போதே கேளுங்கள்.

முதலில் மரியாதையாக முகாமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். தரவில்லையென்றால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்: சம்பளத் துண்டுகளை எறியாமல் வையுங்கள், வேலைக்குப் போன நாளையும் நேரத்தையும் கொப்பியில் அன்றன்றே குறியுங்கள். இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.