தூசியைப் பிடிக்கும் வலை

குஜராத் மாநிலத்தில் கம்பாத் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே அகேட் என்னும் கல்லைத் தீட்டி மணிகள் செய்கிறார்கள். சாணைக்கல் சுற்றும். தூசி பறக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா? போதாது. ஏன் என்று பார்ப்போம்.

நுண்ணிய தூசி

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சளியோடு வெளியே வரும். 5 மைக்ரானுக்கும் சிறிய தூசி நுரையீரலின் உள்ளே ஆழமாகப் போகும்.

இந்தக் கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். மூச்சு வாங்கும். இந்த நோயின் பெயர் சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பற்றும். ஆனால் நோய் வராமல் தடுக்கலாம்.

துண்டு

துண்டு ஒரு சல்லடை. சல்லடையில் கப்பி நிற்கும், மாவு இறங்கிவிடும். அதுபோல நுண்ணிய தூசி துண்டைத் தாண்டிவிடும்.

என்-95 முகக்கவசம்

இதில் மெல்லிய இழைகள் முள்புதர்போலப் பின்னிக் கிடக்கும். தூசி மூன்று வழிகளில் சிக்கும்.

1. காற்று இழையைச் சுற்றி வளைந்து போகும். பெரிய தூசியால் வளைய முடியாது. இழையில் மோதி ஒட்டும்.
2. நடுத்தரத் தூசி காற்றோடு வளையும். ஆனால் இழையில் உரசி ஒட்டும்.
3. மிக நுண்ணிய தூசி அங்குமிங்கும் அலையும். அலையும்போது இழையில் படும்.

இழைகளில் மின்னூட்டமும் உண்டு. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கும் அல்லவா? அதுபோல இழையும் தூசியை இழுக்கும். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்தச் சக்தி போய்விடும்.

0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களால் இதைச் சோதிப்பார்கள். 100-க்கு 95 ஆவது பிடிபட வேண்டும். ஆனால் கவசம் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இடுக்கு இருந்தால் தூசி அதன் வழியே நுழையும்.

பை வடிகட்டி

சாணைக்கல் பக்கத்தில் ஒரு குழாய் வைப்பார்கள். காற்றாடி தூசியை உறிஞ்சிப் பைக்குள் தள்ளும். பையில் படியும் தூசியே அடுத்து வரும் தூசியைத் தடுக்கும். பை அடைத்துக்கொள்ளாமல் அவ்வப்போது உதற வேண்டும்.

எது முதலில்?

முதலில் தண்ணீர் விட்டுத் தீட்ட வேண்டும். ஈரக்கல்லில் தூசி குறைவாகவே பறக்கும். அடுத்தது உறிஞ்சு குழாய். கடைசிக் காவல்தான் முகக்கவசம்.

இவற்றை முதலாளியிடம் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் காதில் விழாது. எல்லோரும் சேர்ந்து கேட்டால் விழும்.

யோசியுங்கள்

1. உங்கள் ஊரில் எந்தெந்த வேலைகளில் தூசி பறக்கிறது?
2. அங்கே தூசியைத் தடுக்க என்ன செய்திருக்கிறார்கள்?