தெருவில் எறிந்த பொருளின் விலை

புனே நகரின் வடமேற்கே மூலா ஆற்றின் மீதுள்ள ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் மாநகராட்சியே மாறிவிடுகிறது. பாலத்தின் ஒரு முனையிலுள்ள போபோடி புனே மாநகராட்சிக்கு உட்பட்டது. மறுமுனையிலுள்ள தாபோடி பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டது. வரி வேறு, வரவுசெலவுத் திட்டமும் வேறு. எனினும் இரு கரைகளிலும் எறியப்படும் குப்பை சேருமிடம் ஒன்றே. பவனா ஆறு தாபோடிக்கு அருகில் மூலாவுடன் கலக்கிறது. மூலா பின்னர் முத்தாவுடன் கூடிப் பீமாவை அடைகிறது. பீமாவின் குறுக்கே அமைந்த உஜனி அணையின் நீரைச் சோலாப்பூர் நகர மக்கள் அருந்துகின்றனர். தாபோடித் தெருவில் வீசப்பட்ட உறைக்கும் சோலாப்பூர்க் குடும்பத்துக்கும் யாதொரு கொடுக்கல் வாங்கலும் இல்லை; ஆயினும் செலவின் ஒரு பங்கு அக்குடும்பத்தைச் சேர்கிறது. பயன் ஒருவருக்கும் செலவு பிறருக்குமாய் அமையும் இந்நிலையைப் பொருளியலார் புறவிளைவு என்பர்.

அச்செலவு எவ்வாறு வளர்கிறது என்பதை ஒரு குடிநீர்ப் புட்டியைக் கொண்டு காண்போம். வீட்டில் உலர்ந்து தூய்மையாக இருக்கும்வரை அது விற்பனைப் பொருள். பழைய பொருள் வணிகர் எடை போட்டுப் பணம் தருவார். உணவுக் கழிவோடு கலந்தவுடன் அதன் மதிப்புச் சரிகிறது. தெருவில் விழுந்தாலோ, பெருக்குவோரின் கூலி, வண்டியின் எரிபொருள், மோஷியிலுள்ள கிடங்கின் நிலம் ஆகியவை கணக்கில் ஏறுகின்றன. வடிகாலுக்குள் புகுந்தால் மழைக்காலத்துக்கு முன் தூர்வாரும் ஒப்பந்தச் செலவு. ஆற்றில் ஆகாயத்தாமரைக்கிடையே சிக்கினால் அதை மீட்க இயந்திரமே வேண்டும். பொருள் ஒன்றுதான், படிதோறும் வரவு குறைந்து செலவு கூடுகிறது. சொத்துவரி செலுத்துவோர் கடைசிப் படியின் செலவையே பெரிதும் ஏற்கின்றனர். முதற்படியில் அவர்களுக்கு அது வரவாகவே இருந்திருக்கும்!

இந்த முதற்படியின் மதிப்பை நன்கு அறிந்தவர்கள் குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்களே. 1993-இல் புனேயில் அவர்கள் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் சங்கத்தை அமைத்தனர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைச் சேகரித்து உழைப்போரின் மன்றம் என்பது அப்பெயரின் பொருள். அச்சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர்கள் புனே மாநகராட்சிப் பகுதியில் வீடுவீடாகச் சென்று தரம் பிரித்த கழிவைப் பெறுகின்றனர். வீட்டார் தரும் மாதக் கட்டணமும் உலர்கழிவை விற்ற தொகையும் அவர்களது வருவாய். அக்கட்டணத்தைக் கொடுக்க மனம் சுளிப்போர் உண்டு. தூர்வாரும் செலவோடு ஒப்பிட்டால் அதைவிட மலிவான சேவை நகராட்சியில் வேறில்லை என்பதே என் கருத்து.

பணக்கணக்கில் நேரடியாகத் தோன்றாத செலவுகளும் உள. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, எறிந்த தேநீர்க் குவளை, இளநீர் மட்டை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரிலேயே முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் அது முழுக் கொசுவாகிவிடும். நாட்கூலி பெறுபவர் காய்ச்சலில் படுத்தால் மருத்துவச் செலவோடு கூலியும் போகிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்துணை மழையை எந்த வடிகாலும் தாங்கியிராது என்பது உண்மையே. ஆயினும் பிளாஸ்டிக் பைகளால் அடைபட்ட வடிகால்கள் வெள்ளத்தை மேலும் கடுமையாக்கின. அடுத்த ஆண்டே மகாராஷ்டிர அரசு மெல்லிய பைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது; 2018-இல் தடை விரிவாக்கப்பட்டது.

தெருவிலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ கழிவை எறிவதையும், பொதுவிடத்தில் எரிப்பதையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடைசெய்தன. உடனடி அபராதம் விதிக்கும் அதிகாரத்தையும் உள்ளாட்சிகளுக்கு அளித்தன. ஆனால் ஒவ்வொரு சந்திலும் அதிகாரி நிற்க இயலாது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவர்தம் குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வொன்று, குப்பை சிதறிக் கிடக்கும் இடத்தில் மக்கள் மேலும் மிகுதியாக எறிவதைக் காட்டியது. ஆகவே ஒரு மூலை முதன்முதலாக அசுத்தமாகும் நாளிலேயே அதைத் துப்புரவாக்குவதுதான் சிக்கனம். தாமதித்தால் அண்டை வீட்டாரும் அதையே கிடங்காகக் கொள்வர்.

வீட்டளவில் ஒரு சிறு பயிற்சி செய்து பார்க்கலாம். ஒரு வாரம் ஈரக்கழிவையும் உலர்கழிவையும் தனித்தனியே வைத்து, உலர்கழிவை மட்டும் எடைபோட்டு எழுதி வருக. தாபோடிப் பக்கத்தில் மணியொலித்து வரும் 'கண்டாகாடி' வண்டியின் நேரத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்வது நலம். வண்டியைத் தவறவிட்ட பைகளே பெரும்பாலும் தெருமுனைக்குச் செல்கின்றன. பால் உறையைத் திறக்கும்போது முனையை முற்றிலும் வெட்டி எடுக்காமல், உறையோடு ஒட்டியிருக்குமாறு பாதி மட்டும் வெட்டுக. துண்டாகிய முனை எவர் கைக்கும் அகப்படாமல் நேரே வடிகாலை நாடும்; ஒட்டியிருந்தால் உறையோடு சேர்ந்து அதுவும் எடைக்குப் போகும்.