நிலமும் புரையிடமும்

நுழையும்முன்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் சென்றோர்க்கு முதலில் தேவைப்படுவது வேலை. அடுத்து ஒரு கூரை. காலம் செல்லச்செல்ல, தம் குடும்பம் உண்பதில் ஒரு பகுதியேனும் விளையும் சிறு மண்ணை மனம் நாடுகிறது. இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் விருப்பம் இதுவே. அதனை நிறைவேற்றிக்கொள்ள அறியவேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

லயத்து வீடு

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டப் பயிர்கள் பரவின. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் தொழிலாளர்களை அழைத்துச் சென்றனர். வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். அவ்வரிசை வீடுகளே 'லயம்' எனப்படுகின்றன. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வு பெற்றால் அதனைத் திரும்ப ஒப்படைக்கவேண்டும். அவ்வீட்டை இழக்காதிருக்கவே பிள்ளைகளுள் ஒருவர் அதே வேலையில் சேர்வதும் உண்டு.

1970 சனவரி 1 முதல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த 'குடிகிடப்புக்காரர்', ஊராட்சிப் பகுதியில் 10 சென்டு வரை உரிமையாக்கிக்கொள்ள வழி பிறந்தது. தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே, மலைமீது தேயிலை வளர்த்தோர் பலர் தலைமுறைகள் கடந்தும் நிலமற்றோராகவே இருந்தனர்.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அதன்பின், சொந்த மண்ணும் வீடும் வேண்டும் என்னும் தோட்டத் தொழிலாளர் குரல் மேலும் வலுத்தது. எங்கே குடியிருப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை, சொந்த மண்ணோடுதான் வருகிறது.

ஒரு சொல், இரு பொருள்

பணிக்கொடையையும் சேமிப்பையும் கொண்டு ஐந்து சென்டோ பத்து சென்டோ வாங்க எண்ணும் குடும்பம், முதலில் ஒரு சொல்லை நன்கு அறியவேண்டும். 'நிலம்' என்று நாம் சொன்னால் எந்த மண்ணையும் குறிக்கும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதப்பட்டிருந்தால் அது நெல்வயலைக் குறிக்கும். வீடு கட்டவும் மரம் வளர்க்கவும் உரிய மேட்டுப்பாங்கான இடத்திற்குப் 'புரையிடம்' என்று பெயர்.

இவ்வேறுபாடு சிறிதன்று. நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கக் கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வயலை மண்ணிட்டு மூடுவதை அச்சட்டம் தடுக்கிறது. குறுகிய விலக்குகள் சிலவே உண்டு. விலை மலிவு என்று மகிழ்ந்து ஒருவர் வயலை வாங்கிவிட்டால், வாழ்நாள் சேமிப்பு செலவாகியும் அங்கே வீட்டுக்கு அடித்தளம் இட இயலாமற்போகலாம். ஆகவே, அவ்விடம் நெல்வயல் பட்டியலில் உள்ளதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கிருஷி பவனிலும் வில்லேஜ் அலுவலகத்திலும் கேட்டறிதல் வேண்டும்.

தாளைப் படித்தல்

விற்பவரின் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், நடப்பாண்டின் நிலவரி இரசீது, வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நான்கிலும் சர்வே எண்ணும் பரப்பும் பொருந்தவேண்டும். இடுக்கியில் அரசு வழங்கிய பட்டயத்தின்வழி வந்த நிலங்கள் மிகுதி. பட்டயத்தில் எப்பயன்பாட்டிற்காக நிலம் வழங்கப்பட்டது, என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்பவற்றையும் படித்தறியவேண்டும்.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி போன்ற பகுதிகளில் மற்றொன்றையும் கருதவேண்டும். பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்க 1975-ஆம் ஆண்டிலும் 1999-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நிலமற்றவரின் துயரை அறிந்த நாம், இன்னொருவர் நிலமற்றவராவதற்குக் காரணமாகலாகாது.

நீரைப் பார்த்தல்

பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ளது. அதன் கிழக்கே கோயம்புத்தூரை ஒட்டிய சிற்றூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களில் மழை குறைவு. கரிசல் மண்ணும் உண்டு. சிற்றூர்ப் பாசனத்திற்கெனப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி (1970) ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்படவேண்டும். இத்தகைய இடத்தை ஆடி மழையில் பார்த்து மயங்குதல் கூடாது. சித்திரையில் சென்று அண்டை வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பதே அறிவுடைமை.

மலைப்பகுதியில் நீர் வேறு வகையில் சோதிக்கும். செங்குத்துச் சரிவின் அடிவாரமும் மழைநீர் பாயும் ஓடைத்தடமும் வீட்டிற்கு ஏற்றவை அல்ல. வட்டவடையில் உழவர்கள் சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கின்றனர். படிகளுக்கு வரப்பு அமைத்தால் மண் அரிப்புக் குறையும்.

கூரை நீரும் ஒரு செல்வமே. 100 சதுர மீட்டர்க் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் நீர் விழும். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெறும் ஊரில் அக்கூரை 1,00,000 லிட்டரைப் பெறும். அந்நீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தல் நன்று.

அடுக்குத் தோட்டம்

கேரளத்துப் புரையிடத் தோட்டம் அடுக்கடுக்காக அமைவது. மேலடுக்கில் தென்னை, பலா. நடுவில் பாக்கு, வாழை. மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. நிழலில் சேனை, சேம்பு, மஞ்சள், இஞ்சி. தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி வேண்டும். முழு இடத்திலும் தென்னையே நட்டாலும் 10 சென்டில் ஏறத்தாழ ஏழு மரங்களே நிற்கும். வீட்டிற்கு இடம் ஒதுக்கினால் இன்னும் குறையும்.

இங்கே பொறுமையும் ஒரு முதலீடு. கீரை ஒரு மாதத்தில் கிடைக்கும். வாழை ஓராண்டளவில் குலை தள்ளும். மிளகு மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நெட்டைத் தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பத்து சென்டில் குடும்பத்திற்கு வேண்டிய அரிசி விளையாது. ஆயினும் காய், கனி, தேங்காய், மிளகு, முட்டை ஆகியவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே பெறலாம். திருவள்ளுவர் உழவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, நாள்தோறும் சென்று பாராத உழவனிடம் நிலம் பிணங்கிக்கொள்ளும் என்று உணர்த்தினார். தொலைவில் வேலை பார்ப்போர் இதனை மனத்திற்கொள்ளவேண்டும்.

மாணவர்களே! கேரள ஆட்சிமொழிகள் சட்டம் (1969), மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையைத் தமிழர்க்கு வழங்குகிறது. எனினும் பழைய பத்திரங்கள் மலையாளத்திலேயே இருக்கும். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கற்ற நீங்களே, உங்கள் பெற்றோர் கையொப்பமிடும் தாளை முதலில் படிக்கக்கூடியவர்கள். உங்கள் மொழியறிவு உங்கள் குடும்பத்தின் வேலியாகட்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆதாரம் – தமிழ்நாட்டு வழக்கில் சான்று. கேரள வழக்கில் நிலப் பத்திரம்.
பட்டயம் – தமிழ்நாட்டில் ஒரு கல்வித் தகுதி. கேரளத்தில் அரசு நிலம் வழங்கும் உரிமை ஆவணம். அரசர்கள் நிலக்கொடையைப் பொறித்த 'செப்புப் பட்டயம்' என்னும் தொடரில் இப்பொருளின் சாயலைக் காணலாம்.
கரம் – கை, வரி. கேரளத்தில் பெரும்பாலும் வரி.
புரை – வீட்டைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். புரையிடம் – வீடும் தோட்டமும் அமையும் இடம்.

சொல்லும் பொருளும்

பணிக்கொடை – ஓய்வு பெறுங்கால் வழங்கப்படும் தொகை
வில்லங்கம் – சொத்தின் மீதுள்ள கடன் அல்லது தடை
சென்டு – 435.6 சதுர அடி. 100 சென்டு ஓர் ஏக்கர்

மதிப்பீடு

1. லயத்து வீட்டிற்கும் சொந்த வீட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பதிவேட்டில் 'நிலம்' என்றிருப்பதை அறியாமல் வாங்கும் குடும்பம் எத்தகைய இடருக்கு ஆளாகலாம்?
3. உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து, 10 மி.மீ. மழையில் எத்தனை லிட்டர் நீர் விழும் எனக் கணக்கிடுக.
4. 8 சென்டு இடத்தின் பரப்பைச் சதுர அடியில் கணக்கிட்டு, வீடு, கிணறு, மரங்கள் அமையுமாறு ஒரு வரைபடம் தீட்டுக.
5. வாங்க விரும்பும் இடத்தின் வகையை அறிவிக்குமாறு வேண்டி, வில்லேஜ் அலுவலர்க்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுக.