24 மணி நேரத் தயிருக்கு எந்தப் பால்?



குடல் அழற்சி உள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் இருவர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சோறு கூடாது, இட்லி கூடாது, சர்க்கரை கூடாது என்கிறார்கள். தயிர் ஒன்றுதான் மிச்சம். அதை எந்தப் பாலில் தோய்ப்பது?" இந்த இதழின் உடல்நலப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அவர்கள் பின்பற்றுவது எஸ்.சி.டி. எனப்படும் ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட். நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் சீலியாக் நோய்க்காக வகுத்த உணவுமுறை இது. இதைப் பற்றிய அவருடைய நூல் 1951-இல் வந்தது. எலெய்ன் காட்ஷால் என்ற தாய், பெருங்குடல் அழற்சியால் அவதிப்பட்ட தன் சிறு மகளை 1958-இல் அவரிடம் அழைத்துப் போனார். மகள் தேறியபின் தாமே அறிவியல் படித்து, 1987-இல் இதைப் பற்றி நூல் எழுதினார். சரியாகச் செரிக்காத மாவுச்சத்தும் சில சர்க்கரைகளும் குடலில் தங்கிக் கெட்ட கிருமிகளுக்குத் தீனியாகின்றன, எனவே அவற்றை நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். பாலில் உள்ள லாக்டோஸும் அந்தச் சர்க்கரைகளில் ஒன்று.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குரோன்ஸ் நோயாளிகளிடம் இந்த உணவுமுறையையும் மத்தியதரைக்கடல் நாட்டு உணவுமுறையையும் ஒப்பிட்டது. ஆறு வாரத்தில் இரு பக்கத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு உபாதை தணிந்தது. இது அதைவிடச் சிறந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆகவே தயிரை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவரையும் உணவு ஆலோசகரையும் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இனி தயிருக்கு வருவோம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. உறை ஊற்றியதும் தயிர்க் கிருமிகள் அதைத் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. இரவு ஊற்றிக் காலையில் எடுக்கும் நம் வீட்டுத் தயிரில் அதில் ஒரு பகுதிதான் தீர்ந்திருக்கும். சாதாரண வயிற்றுக்கு அது போதும், ஏனெனில் தயிர்க் கிருமிகளே மீதியைச் செரிக்கவும் உதவும். 1981-இல் வந்த ஓர் இந்திய ஆய்வில், தென்னிந்தியர்களில் மூன்றில் இருவருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. பால் குடித்தால் வயிறு பொருமும் என்பவர்கள்கூட மோர் குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பது இதனால்தான். ஆனால் எஸ்.சி.டி. முறையில் லாக்டோஸ் மிச்சமே இருக்கக்கூடாது என்பதால் 24 மணி நேரம் தோய விடச் சொல்கிறார்கள்.

எந்தப் பால் என்றால், எங்கள் பதில் சாதாரணமானது: பாலைத் தவிர வேறொன்றும் சேராத, கொழுப்பு எடுக்காத, புதிய பசும்பால். 1981-இல் தொடங்கிய அல் ஐன் ஃபார்ம்ஸ் முதல் இங்கே உள்நாட்டுப் பண்ணைப் பாலுக்குக் குறைவில்லை. வைட்டமின் டி சேர்த்திருந்தால் பரவாயில்லை. லேபிளில் 'பால்பவுடரிலிருந்து தயாரித்தது' என்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாட்டில் லபனா பாலா என்பதையும் பாருங்கள். வந்த புதிதில் லபனை வாங்கிக் காய்ச்சி, திரிந்துபோனதைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டியவர்கள் எங்களிலும் உண்டு!

டெட்ரா பாக்கில் வரும் நீண்ட நாள் பாலும் தோயும். ஏற்கெனவே கடும் சூட்டில் பதப்படுத்தியதால் காய்ச்ச வேண்டியதில்லை, வெதுவெதுப்பாக்கினால் போதும். தயிர் சற்று இளகலாக இருக்கும். பால்பவுடரை அளவாகக் கரைத்தால் லாக்டோஸ் சாதாரணப் பாலின் அளவுதான். ஆனால் தயிர் கெட்டியாக வரட்டும் என்று கூட இரண்டு கரண்டி போடுவது நம் வழக்கம். கொழுப்பெடுத்த பால்பவுடரில் பாதி லாக்டோஸ்தான், ஆகவே நோயாளிக்கான தயிரில் அது வேண்டாம். டீக்கு வாங்கும் டின் பாலும் வேண்டாம்.

ஆட்டுப்பாலில் லாக்டோஸ் சற்றே குறைவு, தயிர் மென்மையாக வரும். பசும்பால் புரதமே அலர்ஜி என்றால் ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

ஒட்டகப்பால் நம் ஊரின் பெருமை. ஆனால் தயிர் கெட்டியாக உதவும் கப்பா கேசீன் என்ற புரதம் அதில் குறைவு. எத்தனை மணி நேரம் வைத்தாலும் மோர்போல ஓடும். கடைகளில் கெட்டியாகக் கிடைக்கும் ஒட்டகத் தயிரில் ஜெலட்டினோ மாவோ சேர்ந்திருக்கலாம், லேபிளைப் படியுங்கள். பண்ணையிலிருந்து நேரே கறந்து வந்தது என்று யாராவது ஒட்டகப்பாலோ ஆட்டுப்பாலோ கொடுத்தால் காய்ச்சாமல் தொடாதீர்கள். புரூசெல்லோசிஸ் காய்ச்சல் பச்சைப்பால் வழியே வரும். 2012-இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸுக்குப் பிறகு, பச்சை ஒட்டகப்பாலைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

லாக்டோஸ் நீக்கிய பாலில் லாக்டோஸை முன்னமே உடைத்துவிடுகிறார்கள். அதனால் இனிக்கும். லாக்டோஸ் மட்டுமே பிரச்சினை என்பவர்கள் அதில் சாதாரணமாகத் தயிர் தோய்த்துக்கொள்ளலாம், 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம்.

செய்முறையில் சூடுதான் முக்கியம். ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, கால் கப் வெறும் தயிரைக் கலக்குங்கள். உறைக்கு வாங்கும் தயிரில் மாவு, ஜெலட்டின், சர்க்கரை இருக்கக்கூடாது. பிஃபிடஸ் சேர்த்ததையும் இந்த முறையில் தவிர்க்கச் சொல்கிறார்கள். பிறகு 24 மணி நேரமும் 38 முதல் 43 டிகிரி வரை சூடு நிற்க வேண்டும். ஏ.சி. ஓடும் சமையலறையில் அது நிற்காது. ஜூலையில் பால்கனியில் வைத்தால் பகலில் சூடு எகிறி உறைக்கிருமியே செத்துப்போகலாம். ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்பது எங்களுக்குச் சரியாக வந்தது. விளக்குக்கு விளக்கு சூடு மாறும் என்பதால், முதல் முறை ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துத் தெர்மாமீட்டரால் பார்த்துவிடுங்கள். இடையில் ஆட்டவோ கிளறவோ வேண்டாம். முடிந்ததும் எட்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தயிர் நன்றாகப் புளிக்கும். முதல் நாள் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். பிள்ளை முகம் சுளித்தால் தேன் கலக்கலாம், அது இந்த முறையில் அனுமதி. வெள்ளரிக்காய்ப் பச்சடியும் இஞ்சி மோரும் தாராளமாகச் செய்யலாம். தாளிக்கும்போது மட்டும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருக்கிறது.